நுவரெலியாவில் ஒரு கருவாட்டுப் பொதி

பேராதனையில் புறப்பட்டு, கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, பிபிலை, மகா ஓயா என்று மலையெல்லாம் ஏறி இறங்கி வருகிற ஏ-5 நெடுஞ்சாலை கடைசியில் எங்கள் செங்கலடிச் சந்தியில் வந்து மூச்சு விடுகிறது. இலங்கைப் படத்தில் இதை வேறு யார் கவனித்தார்களோ தெரியாது, மட்டக்களப்புக்காரர் கவனித்துவிட்டோம். நுவரெலியாவின் நடுவால் போகிற வீதி எங்கள் சந்தியில் முடிகிறது என்றால், மறுபக்கமாகத் திரும்பி நின்று பார்த்தால் அது இங்கேதானே தொடங்குகிறது? ஆகவே நுவரெலியா எங்களுடையது. சித்திரை வெயில் 34 பாகையைத் தொட்டு, வாவிக்கரைக் காற்றும் நின்றுபோய், மின்விசிறி சுடுகாற்றைப் பிரட்டிப் போடத் தொடங்கியதும் இந்த உரிமை ஊர் முழுக்க எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும்.

போர்க்காலத்தில் இந்த உரிமைக்கு ஒரு தடை இருந்தது. செங்கலடிக்கு அங்கால் கறுப்புப் பாலம். அதோடு ஓர் ஆட்சி முடிந்து மற்ற ஆட்சி தொடங்கும். என் வயதுக்காரருக்குப் பதுளை வீதி என்பது பெயர்ப்பலகையில் மட்டும் இருந்த வீதி. நுவரெலியா பார்க்க வேண்டுமென்றால் பொலநறுவை, கண்டி என்று அரை இலங்கையைச் சுற்ற வேண்டும். வழியில் அடையாள அட்டை எத்தனை கை மாறும் என்பது தனிக் கணக்கு. அதனால் குளிரை நாங்கள் சினிமாவில்தான் பார்த்தோம். ஊட்டியில் வெண்புகைக்குள் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடுவார்கள். அவன் கழுத்துவரை சுவெட்டர் போட்டிருப்பான், அவள் காற்றுப் புகுகிற சேலையில் இருப்பாள். குளிர் என்பது ஆண்களை மட்டும் பிடிக்கிற ஒரு வருத்தம் என்று எங்கள் வகுப்பில் ஒரு கருத்து நிலவியது.

இனி எங்கள் வீட்டு நிர்வாகம் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் கட்டியவன் பெண்வீட்டில் போய்க் குடியிருப்பதுதான் வழமை. வீடு மாமியுடையது, வளவு மாமியுடையது, வளவில் நிற்கிற மாமரமும் அதில் ஏறுகிற முசுறும் மாமியுடையவை. பயணம் போவதா, எங்கே போவது, வானில் முன்சீற்றில் யார் இருப்பது என்பவை பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. வான் வாடகையை மட்டும் கேட்பார்கள்.

கதையை மகள்தான் தொடக்கினாள். தொலைபேசியில் ஒரு படம் வைத்திருந்தாள். கண்ணாடிச் சுவர், அதற்கு அங்கால் தேயிலைத் தோட்டம், இங்கால் மரமேசை, மேசையில் ஒரு கோப்பை. மனிதர் ஒருவரையும் காணவில்லை. “இந்தக் கஃபேக்கு ஒருக்காப் போகத்தான் வேணும்” என்றாள்.

மாமி தொலைபேசியைக் கைநீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். “தேத்தண்ணி குடிக்கவா கிளி அவ்வளவு தூரம்? நான் ஊத்தித் தாரன்.”

“தேத்தண்ணிக்கு இல்ல அம்மம்மா, குளிருக்கு.”

“கடற்கரையில பிறந்த உடம்புக்கு மலை ஒத்துவராது.”

இந்த இடத்தில் மச்சான் நுழைந்தான். மனைவியின் தம்பி, கணித ஆசிரியர், பொது அறிவுக்கும் தானே பொறுப்பு என்று நினைப்பவன். “காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் இமயமலையில மாயாவதியில இருந்துதானே அம்மா ‘பிரபுத்த பாரத’ பத்திரிகைய நடத்தினவர்? 1939 க்குப் பிறகு. அவரும் கடற்கரைதான்.”

“அவர் சாமி. சோறு கறி இல்லாட்டியும் இருப்பார். நீ இருப்பியா மனே?”

மச்சான் இருக்கமாட்டான். ஆகவே போவது என்று முடிவாகி, சோறும் கறியும் கூடவே வருவது என்றும் முடிவாயிற்று.

மலையில் என்ன கிடைக்கும் என்பது பற்றி மாமிக்குத் தெளிவான கருத்து இருந்தது: ஒன்றும் கிடைக்காது. எனவே சிவப்பரிசி ஏறியது. தேங்காய் ஏறியது. முட்டியோடு எருமைத் தயிர், வாழைக்குலை, இடித்த மிளகாய்த்தூள், மண்சட்டி, காஸ் அடுப்பு, அடுப்புக்குக் காற்று அடிக்காமல் மறைக்க ஒரு தகரம். எல்லாவற்றுக்கும் மேலே, நாலைந்து தினசரிப் பத்திரிகைகளில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, கட்டாக் கருவாட்டுப் பொதி. மனிதர் கடைசியாக, இருந்த இடைவெளிகளில் ஏறினோம். வானோட்டித் தம்பி கருவாட்டுப் பொதியைப் பார்த்துவிட்டு ஏசியைப் போடமாட்டேன், யன்னலைத் திறந்துதான் போகவேணும் என்றான்.

இதைப் பார்த்துச் சிரிக்க வெள்ளைக்காரருக்கு உரிமை கிடையாது. நுவரெலியாவை ஊராக்கியவர்களில் முதன்மையானவர் என்று சொல்லப்படுகிற சாமுவேல் பேக்கர் அங்கே போன விதம் தெரிந்தவர் எங்கள் வானைக் குறை சொல்லமாட்டார். இலங்கையில் வேட்டைக்கு வந்து காய்ச்சலில் விழுந்த பேக்கர், உடம்பு தேற அந்த மலைக்குப் போனார். குளிர் பிடித்துப்போயிற்று. சும்மா பிடிக்கவில்லை, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே வைத்துவிடலாம் என்கிற அளவுக்குப் பிடித்தது. 1848 இல் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏற்றினார். என்ன ஏற்றினார்? பசு, ஆடு, வேட்டைநாய், குதிரை, வண்டி, கலப்பை, கொல்லன், பண்ணை பார்க்க ஒருவர், அவர்களுடைய பெண்சாதி பிள்ளைகள். கருவாடு ஒன்றுதான் பாக்கி.

மலை ஏற்றம் எப்படி நடந்தது என்பதை 1855 இல் வெளிவந்த தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். பெர்க்ஸ் என்று ஒரு குதிரைக்காரன். தண்ணியில் இருந்தானாம், வாவித் தண்ணி இல்லை. குதிரைகளோடு வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டான். உதவிக்கு ஒரு யானையை அனுப்பினால், அதன் மேல் ஏறிக்கொண்டு குதிரையை விரட்டுகிற வேகத்தில் மலைப்பாதையில் விரட்டினான். யானை செத்தது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன உயர்சாதிப் பசுவும் ஏற்றத்தில் செத்தது. ஊன்றிய உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஏழெட்டு ஆண்டில் பேக்கரும் ஊருக்குத் திரும்பி, பிறகு ஆபிரிக்காவுக்குப் போய் 1864 இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டார். குளிரை விட்டு ஏரிப்பக்கம் வந்துவிட்டார் பாருங்கள்.

மச்சான் இந்தக் கதையைக் கரடியனாற்றில் தொடங்கி மகா ஓயாவில் முடித்தான். மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. குளிர் தேடிப் போகிற குடும்பம் வழியில் இறங்கிச் சுடுதண்ணியில் குளித்துவிட்டுப் போவது பொருத்தமா என்று நான் கேட்டேன். உடம்பு பின்னுக்குச் சூட்டுக்கு ஏங்கும், இப்பவே கொஞ்சம் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள் என்றார் மாமி. பிபிலையில் தோடம்பழம் வாங்கினோம். அந்த ஊர் தோடைக்குப் பேர்போனது. வாங்கியது தின்ன அல்ல, லுணுகலைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட வளைவுகளில் தோலை மோந்துகொண்டிருக்க. தட்டையான நிலத்தில் வளர்ந்த வயிறு அந்த வளைவுகளில் தன் கருத்தைச் சொல்லியே தீரும். அந்தப் பகுதியை நான் அதிகம் விவரிக்கப் போவதில்லை. பொலித்தீன் பை காணாமல் போய், கருவாட்டுக்குப் போட்ட இரண்டாவது பையைக் கழற்ற வேண்டி வந்தது என்பதோடு நிறுத்துகிறேன்.

ஹக்கலைப் பூங்கா தாண்டிச் சீதா எலியாவில் சீதை அம்மன் கோவில். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்த கோவில், புதுவர்ணத்தில் பளிச்சென்று இருந்தது. பின்னால் ஓடுகிற ஆற்றின் பாறையில் உள்ள பள்ளங்களை அனுமாரின் காலடி என்று காட்டுகிறார்கள். மாமி கும்பிட்டுவிட்டு, காலடிகளைப் பார்த்துவிட்டு, ஆற்றில் கை நனைத்துவிட்டு விறைத்த விரல்களைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். “இந்தக் குளிருக்குள்ள அந்தப் பிள்ளைய வச்சிருந்தா அவ அழாம என்ன செய்வா? ராமர் வராட்டியும் நான் அனுமார்ர முதுகில ஏறிப் போயிருப்பன்.”

எனக்கு அங்கேதான் ஒன்று பிடிபட்டது. இந்த மலைக்கு வந்து “என்னை ஊருக்குக் கூட்டிப் போங்கள்” என்று முதலில் கேட்டவள் சீதை. அதற்குப் பிறகு வந்த எல்லாரும் அதைத்தான் வேறு வேறு மொழியில் கேட்டிருக்கிறார்கள். அழுவதற்குப் பதிலாகச் சிலர் கட்டடம் கட்டினார்கள்.

நுவரெலியாவுக்குள் நுழைந்தால் அந்தக் கட்டட அழுகை வரிசையாக நிற்கிறது. சிவப்புச் செங்கல்லில், கோபுரத்தில் மணிக்கூட்டோடு 1894 இல் கட்டிய தபாலகம். குதிரைப் பந்தயத் திடல். 1876 இல் தொடங்கிய ஹில் கிளப். அங்கே இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும், இல்லாதவருக்கு அவர்களே இரவல் தருவார்கள். 1889 இல் வந்த கோல்ஃப் திடல். மகாராணியார் அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்ததற்கு 1897 இல் பெயர் சூட்டிய விக்ரோறியா பூங்கா. ஓடையில் விடுவதற்கு 1880களில் ட்ரவுட் மீனைக்கூடச் சீமையிலிருந்து தருவித்திருக்கிறார்கள். அப்போது சூயஸ் தாண்டி மீன் வந்தது. இப்போது புல்லுமலை தாண்டிக் கருவாடு வந்திருக்கிறது. மீன் விடயத்தில் இரு தரப்பும் ஒரே கட்சி.

தபாலகத்தைப் பார்த்ததும் மாமிக்குத் தங்கச்சிக்கு ஓர் அட்டை போடவேண்டும் என்று ஆசை வந்தது. உள்ளே போய் வாங்கி, மேசையில் வைத்து எழுதினார். “நாங்கள் சுகம். குளிர். ஆடு மாடு எல்லாம் கொழுத்திருக்கு.” அந்தக் கட்டடத்தை உல்லாச விடுதியாக்கக் கொடுக்கப்போகிறார்கள் என்று 2023 நவம்பரில் நாடு முழுக்கத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஞாபகம் வந்தது. மாமி முத்திரையை நக்கி ஒட்டிக் கையால் அமத்திய அழுத்தத்தைப் பார்த்தபோது, இனி அதை யாரும் அங்கிருந்து அசைக்க ஒண்ணாது என்று பட்டது.

அடுத்தது பேல் பசார். குளிருக்கு உடுப்பு விற்கிற கடைவரிசை. ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய ஜாக்கெட்டுகள் ஏதோ காரணத்தால் போகாமல் அங்கே தொங்குகின்றன. எல்லாம் ஆறடிக்காரருக்குத் தைத்தவை. மச்சான் போட்டது முழங்காலுக்குக் கீழே இறங்கி, கையைத் தேடினால் அரை நிமிடம் கழித்துத்தான் கிடைத்தது. மாமி கொண்டைக்கு மேலே குரங்குத் தொப்பி போட்டார். கொண்டை உள்ளே அடங்காததால் தலை இரண்டடுக்காயிற்று. என் மனைவி ஒன்றும் வேண்டாம் என்று சேலையோடு நின்றாள். வகுப்பில் பேசிய மருத்துவக் கருத்து ஒருவேளை சரியாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

விக்ரோறியா பூங்காவில் ரோசாப் பாத்திகளுக்கு நடுவே மட்டக்களப்பு முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஆரையம்பதி வந்திருந்தது, களுவாஞ்சிகுடி வந்திருந்தது, காத்தான்குடி மூன்று வானில் வந்திருந்தது. “எப்ப வந்த?” “மறுகா எங்க போற?” “வீட்டப் பார்க்க ஆரு?” ஊரில் ஆறு மாதமாக என் கண்ணில் படாமல், தெருவை மாற்றி மாற்றி நடந்துகொண்டிருந்த, எனக்குக் காசு தரவேண்டிய ஒருவர் ஒரு பன்னத்துக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. குளிர் என்றார். இப்படியான இடத்தில் கடனைக் கேட்பது பண்பில்லை என்று அவர் எதிர்பார்த்தார். நான் கேட்டேன்.

பிறகு கிரகரி வாவி. 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகரி ஓடையை மறித்துக் கட்டிய குளம். உள்ளே போகச் சீட்டு, படகுக்கு வேறு சீட்டு. அன்னத்தின் கழுத்து வைத்த படகில் இருந்து காலால் மிதிக்க வேண்டும். எங்களுக்கு வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அங்கால், 56 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாவி கிடக்கிறது. அதில் இறங்கச் சீட்டு இல்லை, காவல் இல்லை, தோணி பக்கத்து வீட்டு அண்ணனுடையது. அதை விட்டு இத்தனை வளைவும் வாந்தியும் கடந்துவந்து, தண்ணியைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம் என்பது மாமிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் சீட்டுக் கொடுக்கிற பொடியனிடம் நேரே போனார்.

“தம்பி, இதுக்குள்ள மீன் இரிக்கா?”

“இருக்கும்மா.”

“பாடுமா?”

பொடியன் பின்னால் திரும்பித் தன் மேலாளரைப் பார்த்தான். அப்படிக் கேட்ட வாடிக்கையாளர் அதற்கு முன் வந்திருக்கமாட்டார். பேக்கர் பசுவையும் கலப்பையையும் கப்பலேற்றிய அதே 1848 இல், இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எங்கள் வாவிக்கு வந்து, மீன் பாடுகிற கதை மெய்யா என்று விசாரித்து, நிலா நேரம் தோணியில் போய்த் தண்ணிக்குள் இருந்து வருகிற ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். ஒரே ஆண்டில் இரண்டு துரைமார். ஒருவர் மலையில் யானையைப் பறிகொடுத்தார், மற்றவர் வாவியில் ஓசியில் கச்சேரி கேட்டார். விவரமானவர் எவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாமி படகில் ஏறவில்லை. மச்சான் ஏறி, ஜாக்கெட் மிதியில் சிக்கி, அன்னம் நடுக்குளத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

இரவு தங்குமிடத்தில் மாமி அடுப்பை மூட்டினார். அறைக்குள் சமைக்கக் கூடாது என்று கதவில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. “அறைக்குள்ளதானே ஒண்ணா? இது குசினிப் பக்கத்து விறாந்தை” என்று சட்டத்தை விளக்கிவிட்டு, தகரத்தை மறைப்பாக வைத்து, கருவாட்டைப் பொரித்தார். ஊரில் அந்த மணம் வெயிலில் கரைந்து தென்னந்தோப்பு வழியாகப் போய்விடும். மலையில் அது போகாது. குளிர்காற்று கனமானது, மணத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு நடைபாதை நெடுக நடத்திக் கொண்டுபோயிற்று. கதவுகள் திறந்தன. முகாமையாளர் வருகிறார், இனி இந்த இரவில் எங்கே அறை தேடுவது என்று நான் சட்டையைத் தேடினேன். வந்தது காத்தான்குடிக் குடும்பத்தின் உம்மா, கையில் தட்டத்தோடு. “வாசம் புடிச்சி வந்தன். மூணு நாளா பாணும் பணிசும் தின்டு நாக்குச் செத்திட்டு” என்றார். பின்னால் வந்த முகாமையாளரும் தட்டத்தோடு வந்தார். அவருடைய ஊர் சிலாபமாம், அதுவும் கடற்கரை.

படுக்கும்போது ஆளுக்கு மூன்று கம்பளி தந்தார்கள். மட்டக்களப்புக்கு வந்த ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஊர் உலகம் எங்களைப் பற்றிக் கதை சொல்லும். எங்கள் மந்திரவாதிகள் மலைப்பக்கம் வந்து பயிற்சி எடுக்கலாம். காலையில் மாமியைக் கம்பளியிலிருந்து பிரித்தெடுக்க எங்கள் முழுக் குடும்பமும் தேவைப்பட்டது.

ஒருவழியாகக் கஃபேக்கு வந்தோம். படத்தில் இருந்த அதே கண்ணாடி, அதே மேசை. படத்தில் இல்லாதது அங்கே இருக்க இடம் பார்த்து நின்ற கூட்டம். கண்ணாடிக்கு அங்கால் தேயிலைத் தோட்டம் தெரிய வேண்டும், பனிமூட்டம் மட்டும் தெரிந்தது. அதையும் எல்லாரும் படம் எடுத்தார்கள். விலைப்பட்டியலில் தேநீரைவிடக் கோப்பிதான் அதிகம். இதே மலைகள் ஒருகாலத்தில் கோப்பித் தோட்டம். 1869 இல் இலைநோய் வந்து இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்தது. 1867 இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டுப் பார்த்திருந்ததால் துரைமார் தப்பினார்கள். கோப்பி செத்த மலையில் நூற்றைம்பது ஆண்டு கழித்து அதற்கு இப்படி ஒரு நினைவஞ்சலி. மகள் நுரையில் இலை வரைந்த கோப்பை ஒன்றும், பட்டர்புறூட் பூசிய பாண் ஒன்றும் சொன்னாள். நாங்கள் மலைக்கு வந்த மரியாதைக்குத் தேத்தண்ணி சொன்னோம்.

அது வந்த விதமே வேறு. கண்ணாடிக் கேத்தல், மூன்று சிறு கோப்பை, பக்கத்தில் ஒரு சின்ன மணற்கடிகாரம். மணல் இறங்கி முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டுமாம். மாமி அதைக் கையில் எடுத்துத் தலைகீழாக்கி, பிறகு நேராக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சீனிய ஏன் மனே இப்பிடிப் பூட்டி வச்சிருக்கானுகள்?”

பரிமாற வந்த பொடியன் ஆங்கிலத்தில் நேரம் பற்றி விளக்கினான். பால் கேட்டோம். இந்த வகைத் தேயிலைக்குப் பால் சேர்த்தால் வாசம் போய்விடும் என்று, அதையும் ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு சொன்னான். “டின்பாலாவது இரிக்கா தம்பி?” என்றார் மாமி. பொடியன் ஒருமுறை பின்னால் பார்த்தான். குனிந்து, குரலைத் தாழ்த்தி, தமிழில் சொன்னான்: “அம்மா, உள்ள எங்களுக்குப் போட்ட பால் தேத்தண்ணி இருக்கு. டஸ்ட்டுதான். கொண்டாரவா?”

கொண்டுவந்தான். இஞ்சி தட்டிப் போட்டு, சீனி தாராளமாக, கண்ணாடிக் கிளாசில். அந்தப் பயணத்தில் குடித்ததில் அதுதான் தேத்தண்ணி. அவனுடைய அம்மா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாராம். அம்மா இங்கே வந்து குடித்திருக்கிறாரா என்று மனைவி கேட்டாள். அவன் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

பில் வந்தது. ஒரு கேத்தல் 1250 ரூபாய், அதற்குமேல் சேவைக் கட்டணம் 10 வீதம், வற் வரி 18 வீதம். மச்சான் பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினான். பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கச் சொல்கிறார்கள். நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும் என்று வை, ஆக 4 கிலோ. ஒரு கோப்பைக்கு 2 கிராம், ஆக 2000 கோப்பை. கேத்தலுக்கு மூன்று கோப்பை, வரியைத் தள்ளிவிட்டு 1250 ரூபாயால் பெருக்கினால் 833,333 ரூபாய் சொச்சம். பறித்தவருக்கு 2024 வர்த்தமானிப்படி அடிப்படை நாட்சம்பளம் 1350. “சொச்சத்தைத் தள்ளிவிடலாம்” என்றான். பிறகு பேனாவை மூடி, கொஞ்ச நேரம் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமி ரவிக்கைக்குள் இருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்து, பொடியன் போகிற வழியில் மறித்து, அவன் கையைப் பிடித்துப் பொத்தி எதையோ வைத்தார். எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பில்லை நான் கட்டினேன்.

இறங்குகிற வழியில் வெலிமடைப் பக்கம் ஒரு தகரக் கூரைக் கடை. கரட், லீக்ஸ் கட்டுகள், சில்லுக்கருகில் படுத்திருந்த நாய், கண்ணாடிப் பெட்டிக்குள் வடை. கடைக்கார அக்கா தேயிலைச் சாயத்தைத் துணிவடியில் இழுத்து ஊற்றியபடி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றதும் முகம் மலர்ந்தது.

“போன வருசம் நாங்களும் வந்தோம்ங்க! தோட்டத்துல எல்லாரும் சேர்ந்து பஸ் புடிச்சு, மாமாங்கம் கோயிலு, பாசிக்குடா எல்லாம் பாத்தோம்.”

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “எப்பிடிப் பிள்ளை எங்கட ஊர்?”

“ஊரு நல்லாத்தான் இருக்கு. ராத்திரிதான் வெக்கை, கண்ணு மூட முடியல. தண்ணி உப்புக் கரிச்சுது. தேத்தண்ணி வாங்கினோம், வாயில வைக்க முடியலீங்க. அடுத்த தடவ போனா தூளு, சீனி, ரெண்டு கேன் தண்ணி எல்லாம் இங்கேருந்தே கொண்டுபோயிரணும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு.” கோப்பையை வைத்துவிட்டு, மிகவும் அனுதாபத்தோடு சேர்த்தார்: “ஏறி நின்னு பாக்க ஒரு மேடுகூட இல்லீங்களே உங்களுக்கு. கடைசியில கல்லடிப் பாலத்து மேல நின்னு போட்டோ புடிச்சோம்.”

மாமி ஒன்றும் பேசவில்லை. எழுந்து வானுக்குப் போனார். மூட்டைகளுக்குள் கைவிட்டு, மிஞ்சியிருந்த கருவாட்டுப் பொதியை எடுத்து வந்து கடை மேசையில் வைத்துப் பிரித்தார். கடைக்கார அக்கா குனிந்து மணந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் வியாபாரம் தெரிந்தது. உள்ளே போய்ப் பெரிய பேணியில் இருந்து டஸ்ட் தேயிலையைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து எதிரே வைத்தார். மாமி அதில் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மணந்தார். பேரம் தொடங்கியது. கட்டாக் கருவாட்டுக்கு எத்தனை மடங்கு டஸ்ட் என்பதற்கு விகிதசமன் போட்டுத் தருகிறேன் என்று மச்சான் பேனாவோடு வந்தான். இரண்டு பேரும் ஒரே குரலில் அவனை வானில் போய் இருக்கச் சொன்னார்கள்.